கழுதைகள் காது திருப்பிய திசை

யாக்கிமா, வாஷிங்டன்
பிப்ரவரி 12, 1989

ஆர்வில் அவர்களுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிப்பதா வேண்டாமா என்று யோசித்திருப்பீர்கள். பிரித்தாயிற்று அல்லவா, முழுக்கப் படித்துவிடுங்கள். உங்கள் கடைக்கு முதலில் போன்தான் செய்தேன். எடுத்த பெண், "அவருக்குக் காது சுத்தமா மந்தம்மா, போன்ல கத்தினா எனக்குத்தான் தொண்டை போகும், நீங்க கடுதாசி போட்டுடுங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

போன கோடையில் கெட்டில் ஓடைக் காடு எரிந்ததைப் பேப்பரில் பார்த்தேன். இங்கே ஆப்பிள் கிடங்கில் என்னோடு வேலை செய்கிறவளின் தம்பி அந்தத் தீயை அணைக்கப் போயிருந்தான். அவன் சொன்னான்: "அந்தப் பள்ளத்துல ஒரு புதர் மிச்சமில்ல அக்கா. மொட்டத் தல மாதிரி கெடக்கு. சட்டப் பொத்தான் கெடந்தாக்கூடத் தெரியும்."

நான் போக வேண்டும். பனி உருகின பிறகு, பச்சை திரும்ப முளைப்பதற்கு முன்னால். அது இந்த ஒரு கோடைதான். அடுத்த வருஷம் செடி மூடிவிடும்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கான்ராட் என்று ஒருவர், கிடங்கில் குளிர்பதன இயந்திரம் பார்க்கிறவர், என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கிறார். நல்ல மனிதர். கோர்ட் பேப்பர்படி நான் விதவை. ஊர்க் கல்லறையில் நீங்கள் நட்ட கல்லின்படியும் விதவை. ஆனால் அந்தக் கல்லுக்குக் கீழே இருப்பது வெறும் மண். தம்பியைத் தேடி எடுக்காமல் கல்லை நட்டவர் நீங்கள். டெல்பர்ட்டை நான் பார்க்காமல் இன்னொரு மோதிரம் என் விரலில் ஏறாது.

முகாம் போட்ட இடம் உங்களுக்குத்தான் தெரியும். கூட்டிப்போவீர்களா, மாட்டீர்களா? அன்று காலையில் என்ன நடந்தது என்று உங்கள் வாயால் இதுவரை நான் கேட்டதில்லை. அதையும் எழுதுங்கள்.

லியோனா


சாமன், ஐடஹோ
மார்ச் 3, 1989

லியோனாவுக்கு,

கடிதம் வந்தது. பதில்: மாட்டேன்.

கல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை. எங்கள் அம்மா அப்போது இருந்தாள். பூ வைக்க ஓர் இடம் கேட்டாள். கொடுத்தேன். நீ அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாய். அது உன் இஷ்டம்.

எரிந்த காட்டுக்குள் போவது பற்றி உனக்கு என்ன தெரியும்? கருகின மரமெல்லாம் விழவில்லை, நின்றுகொண்டிருக்கிறது. வேர் கீழே வெந்து போயிருக்கும். காற்றே இல்லாமல் படுக்கும். பாதை முழுக்க மரம் விழுந்து கிடக்கிறது. அங்கே மோட்டார் ரம்பம் கொண்டுபோக வனத்துறை விடாது, சட்டம் அப்படி. ஆளுக்கு ஒரு முனை பிடித்துக் கையால்தான் இழுத்து அறுக்க வேண்டும். எனக்கு அறுபத்து மூன்று. கடையில் ஓட்ஸ் மூட்டையைத் தூக்கவே ஆள் வைத்திருக்கிறேன்.

அன்று நடந்ததைக் கேட்டாய். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அக்டோபர் மாதம். மான் வேட்டைக்கு வந்த இரண்டு பல் டாக்டர்கள், நான், டெல்பர்ட். முகாம் போய்ச் சேரும்போதே பனி கொட்ட ஆரம்பித்தது. சுமையை இறக்கி, கோவேறு கழுதைகளை மேய அவிழ்த்துவிட்டோம். கழுதைகளை யாரும் கட்டுவதில்லை, உனக்குத் தெரியும். வெள்ளைக் குதிரை மில்லியின் கழுத்தில் மணி இருக்கும். அவள் போகிற இடத்துக்கு அவை போகும். காலையில் மணிச் சத்தம் கேட்கிற பக்கம் போனால் அத்தனையும் ஒரே இடத்தில் நிற்கும். என் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.

விடியும்போது ஒரு விலங்கும் கண்ணில் படவில்லை. முழங்கால் பனி. அப்போது மணி கேட்டது. பள்ளத்தின் மேல்பக்கத்திலிருந்து. டாக்டர்களுக்குக் கேட்டது. எனக்கும் கேட்டது, அப்போது காது நன்றாக இருந்தது. டெல்பர்ட் கையுறையை மாட்டிக்கொண்டே, "காப்பிய வை அண்ணே, அவ இங்கதான் நிக்கிறா, கிழவி. கொதிக்கறதுக்குள்ள வந்துடுவேன்" என்றான். போனான். மணி கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளிப் போனது. பிறகு நின்றது.

மத்தியானம் கழுதைகள் தாமாகவே முகாமுக்கு வந்தன. எதிர்ப்பக்கத்திலிருந்து, கீழேயிருந்து. மில்லி இல்லை. டெல்பர்ட்டும் இல்லை. மூன்று வெடி வெடித்துவிட்டுக் காது கொடுத்தோம். மறுபடி வெடித்தோம். மூன்று நாள் தேடினேன். நாலாம் நாள் கணவாய் அடைபடும் போலிருந்தது. டாக்டர்களை வெளியே கூட்டி வந்தேன். மாநிலத்து ஆட்கள் ஹெலிகாப்டரில் பார்த்தார்கள். பனியைத்தான் பார்த்தார்கள்.

இவ்வளவுதான். கான்ராட்டைக் கட்டிக்கொள். மெஷின் பார்க்கிறவன் தேவலை, காட்டுக்குப் போக மாட்டான்.

ஆர்வில்


யாக்கிமா
ஏப்ரல் 9, 1989

ஆர்வில் அவர்களுக்கு,

வெளிப்படையாக எழுதினதற்கு நன்றி. அந்தக் காப்பி விஷயம் எனக்குத் தெரியாது. இரண்டு நாள் அடுப்படிப் பக்கம் போகவில்லை.

நீங்கள் வராவிட்டால் பரவாயில்லை. உங்கள் ஊரில் சுமைக் கழுதை ஓட்டுகிற பர்டிக்கு எழுதிக் கேட்டேன். "வாங்கம்மா, உங்க புருஷனுக்காக இதுகூடச் செய்யலேன்னா எப்படி" என்று பதில் போட்டிருக்கிறார். ஜூலையில் கூட்டிப்போகிறாராம்.

பர்டி இன்னொன்றும் எழுதினார். இலையுதிர்காலத்தில் கெட்டில் ஓடைக்குள் போகிற வேட்டைக்காரர்களுக்கு இப்போதும் விடியற்காலையில் மணி கேட்கிறதாம். உங்கள் கடையிலேயே எத்தனையோ பேர் சொல்லியிருப்பார்கள் என்கிறார். நீங்கள் ஒரு வரி எழுதவில்லையே.

லியோனா


சாமன்
மே 6, 1989

லியோனாவுக்கு,

பர்டியா? அந்த ஆளுக்குக் கழுதையின் இரண்டு பக்கமும் எடை ஒன்றாகக் கட்டத் தெரியாது. போன வருஷம் அவன் கட்டின சுமை சரிந்து ஒரு கழுதை மலைச் சரிவில் உருண்டது. பிறகு என் கடைக்கு வந்து, "கயிறு மட்டம்" என்று என்னிடமே சண்டை. அவன் பின்னால் நீ போவதைப் பார்த்துக்கொண்டு நான் தீவனம் விற்க முடியாது. நான் வருகிறேன்.

மணி பற்றி: சொல்கிறார்கள், ஆமாம். வேட்டைக்காரன் சொல்கிற கதையெல்லாம் கேட்டால் கடை நடத்த முடியாது. விஸ்கி விற்கிறவனும் நான்தான், எவ்வளவு குடித்துவிட்டுக் கேட்டான் என்று எனக்குத் தெரியும்.

இனி வேலையைப் பார். ஜூலை பத்துக்கு முன்னால் ஓடையில் தண்ணீர் இறங்காது, பதினைந்தில் கிளம்புவோம். ஆறு கழுதை, இரண்டு குதிரை. வனத்துறை அலுவலகத்துக்குப் போய் வந்தேன். அந்தப் பக்கம் மூடின உத்தரவை ஜூலையில் எடுக்கிறார்கள். எரிந்த மரத்தடியில் கூடாரம் போடக் கூடாது, பாறை வெளியில்தான் படுக்கை. தலைக்கு இரும்புத் தொப்பி நான் தருகிறேன். பீன்ஸ், பன்றிக்கறி, மாவு, காப்பி, டின்னில் அடைத்த பீச் பழம் என் பொறுப்பு. உன் சாமானைச் சதுரமாகக் கட்டிக் கொண்டுவா, உருண்டையாகக் கட்டினால் கழுதை முதுகில் உட்காராது. கம்பளி கொண்டுவா, பஞ்சு வேண்டாம். உன் எடை இப்போது எவ்வளவு? கோபப்படாதே. குதிரைக்குச் சொல்ல வேண்டும்.

ஒரு விஷயத்தில் நான் சொன்னதுதான். மணி கொண்டுவர மாட்டேன். விலங்குகளுக்கு முன்னங்காலில் தளை போட்டு, முகாம் பக்கத்திலேயே நிறுத்துவேன். பர்டி கேட்டால் சிரிப்பான். சிரிக்கட்டும்.

ஆர்வில்


யாக்கிமா
ஜூன் 18, 1989

ஆர்வில் அவர்களுக்கு,

நூற்று ஐம்பத்தெட்டு பவுண்டு. குதிரையிடம் மட்டும் சொல்லுங்கள்.

பதிமூன்றாம் தேதி பஸ்ஸில் வந்து இறங்குவேன். கான்ராட்டும் வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். புருஷனைத் தேடப் போகும்போது கட்டிக்கொள்ளப் போகிறவரைக் கூட்டிப்போவது என்ன முறை? அவர் எனக்கு ஒரு டார்ச் வாங்கி பேட்டரி போட்டுக் கொடுத்தார்.

மணி எனக்கும் வேண்டாம். நம்மிடம் ஒன்று இல்லாதபோது ஒன்று கேட்டால், அது எது என்று குழப்பம் வராது.

லியோனா


சாமன்
ஆகஸ்ட் 1, 1989

லியோனாவுக்கு,

நீ என்னிடம் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாய். இரும்புத் தொப்பியைத் தன்னிடம் கொடுத்துவிட்டுப் போனதாகக் கடைப் பெண் சொன்னாள். மணிக்கட்டு வீங்கியிருந்ததாகவும் சொன்னாள். ஊரில் இப்போது நான் தம்பி பெண்டாட்டியை அடித்தவன். அதைவிட மோசமான பெயரெல்லாம் வியாபாரத்தில் வாங்கியிருக்கிறேன், அது கிடக்கட்டும். உனக்கு மட்டும் சொல்ல வேண்டும்.

இரண்டாம் நாள் ஓடைக்கரையில் மில்லியின் எலும்பைப் பார்த்தோம். முகாமுக்குக் கீழே, வெகு தூரம் கீழே. கழுத்தெலும்புப் பக்கத்தில் மணி கிடந்தது. நீ அதைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தாய். சத்தம் வரவில்லை. "தீயில கெட்டுப்போச்சா?" என்று கேட்டாய். நான் அதை வாங்கினேன். உள்ளே பார்த்தேன்.

பயணத்தில் மணி அடித்துக்கொண்டே வந்தால் மனிதனுக்குப் பைத்தியம் பிடிக்கும். அதனால் நாக்கைக் கட்டிவிட்டு, முகாம் போட்டதும் அவிழ்ப்பது வழக்கம். எல்லோரும் புல்லைத் திணிப்பார்கள். புல் வழியில் விழுந்துவிடுகிறது என்று டெல்பர்ட் கம்பியால் சுற்றுவான். அது அவன் கை வேலை, மூன்று சுற்று, முனை உள்ளே மடக்கி. அந்தக் கம்பி அப்படியே இருந்தது. அன்று பனியில், கைவிரல் விறைத்ததில், அவிழ்க்க மறந்திருக்கிறான்.

அந்த மணி அன்று காலையில் அடித்திருக்க முடியாது. நான் கேட்டேன். டாக்டர்கள் கேட்டார்கள். அவன் அதன் பின்னால் போனான்.

இதை அன்று சாயங்காலமே உன்னிடம் சொன்னேன். நீ அழவில்லை. பீச் பழ டின்னை முழுக்கத் தின்றாய். சரி, தாங்கிக்கொண்டாள் என்று நினைத்தேன்.

நாலாம் நாள் விடியும்போது நான் விறகு போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை, எனக்குத்தான் காது இல்லையே. ஆனால் ஆறு கழுதையும் ஒரே நேரத்தில் மேய்வதை நிறுத்தின. பன்னிரண்டு காதும் ஒரே பக்கம் திரும்பின. பள்ளத்தின் தலைப்பக்கம், பாறை பிளந்திருக்கிற இடத்தைப் பார்த்து. ஆணி அடித்த மாதிரி நின்றன. திரும்பிப் பார்த்தால் நீ அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தாய். தொப்பி இல்லை, கோட்டு இல்லை. கூப்பிட்டேன். நீ கையை மட்டும் அசைத்தாய், சும்மா இருங்கள் என்கிற மாதிரி. அன்று டெல்பர்ட் போகும்போது அசைத்ததும் அப்படித்தான்.

ஓடி வந்து பிடித்தேன். நீ உதறினாய். இறுக்கினேன். கை ஒடிந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். இந்த ஒரு விஷயத்துக்கு என்னிடமிருந்து மன்னிப்பு எதிர்பார்க்காதே.

மணியை நான் வைத்திருக்கிறேன். கம்பியை அவிழ்க்கவில்லை. நேற்று பர்டி விலை கேட்டான். இல்லை என்றேன். என் கடையில் விற்பனைக்கு இல்லாத சரக்கு அது ஒன்றுதான்.

ஆர்வில்


யாக்கிமா
ஆகஸ்ட் 20, 1989

ஆர்வில் அவர்களுக்கு,

மணிக்கட்டு சரியாகிவிட்டது. நீங்கள் அடிக்கவில்லை என்று கடைப் பெண்ணுக்கும் ஒரு வரி எழுதிப் போட்டிருக்கிறேன்.

எனக்குக் கேட்டது. மில்லியின் மணிதான். எங்கள் கல்யாணத்துக்கு முந்தின கோடை முழுக்க அந்த மணியைக் கேட்டே எழுந்திருக்கிறேன், வேறொன்றோடு குழப்பிக்கொள்ள மாட்டேன். அந்த மணி, நாக்குக் கட்டி, உங்கள் சேணப்பைக்குள் கிடக்கிறது என்று தெரியும். தெரிந்தேதான் நடந்தேன். பயம் துளிக்கூட இல்லை. சமையலறையிலிருந்து யாரோ கூப்பிட்டால் எழுந்து போவோமே, அப்படி.

டெல்பர்ட் எப்படிப் போனார் என்பது எனக்கு இப்போது தெரியும். எங்கே போனார் என்பது தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளவிடாமல் தடுத்தது நீங்கள். உயிரைக் காப்பாற்றினேன் என்பீர்கள். இருக்கலாம். ஆனால் நான் போன வேலை முடியவில்லை. கான்ராட்டிடம், "இன்னும் முடியவில்லை" என்றேன். "எவ்வளவு நாள் ஆகும்?" என்றார். "தெரியாது" என்றேன். ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கு ஐம்பது வயது ஆர்வில். எவ்வளவு காலம் உட்காருவார்?

இங்கே விடியற்காலையில் கிடங்கு லாரி ஒன்று பின்பக்கமாக வரும்போது டிங் டிங் என்று அடிக்கும். முன்பெல்லாம் கேட்டதே இல்லை. இப்போது ஒவ்வொரு நாளும் அதற்கு முன்னாலேயே எழுந்து உட்கார்ந்திருக்கிறேன்.

லியோனா


சாமன்
அக்டோபர் 1, 1989

லியோனாவுக்கு,

உட்கார்ந்து படி.

நான் வியாபாரி. பேயைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. ஆனால் ஆறு கழுதை ஒரே திசையைக் காட்டினால் அது திசை. மூன்று நாள் நாம் தேடினது முழுக்க ஓடையை ஒட்டி, விலங்குகள் மேயப் போகிற பக்கம். தலைப்பக்கம் போகவே இல்லை. அங்கே புல் கிடையாது, மில்லி அங்கே போயிருக்கமாட்டாள் என்று நானே உன்னிடம் சொன்னேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னாலும் அதே கணக்குப் போட்டுத்தான் தேடினேன். மணிச் சத்தத்தைக் கேட்ட பிறகும், புல் இருக்கிற பக்கம்தான் தேடினேன். குதிரையைத் தேடினேன், அவனைத் தேடவில்லை.

செப்டம்பர் கடைசியில் போனேன். தனியாகப் போகவில்லை, நான் முட்டாள் இல்லை. வனத்துறையில் பாதை வெட்டுகிற வெஸ்லியைக் கூட்டிக்கொண்டேன். காது திரும்பின கோட்டிலேயே ஏறினோம். சரளைச் சரிவு, அதற்கு மேல் எரிந்துபோன புதர்க்கட்டைகள், அதற்குப் பின்னால் பாறை கூரை மாதிரி நீண்டு நிற்கிறது. புதர் இருந்தபோது பத்தடி தள்ளி நின்றாலும் தெரிந்திருக்காது. தீ அதன் அடியில் புகவில்லை.

அங்கே இருந்தான். பாறையில் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி. சட்டை அவனுடையது, பெல்ட்டு பக்கிள் நான் கொடுத்தது. ஷெரிப்பின் ஆட்கள் பல்லைப் பார்த்து உறுதி செய்துவிட்டார்கள். எலும்பு எதுவும் முறியவில்லை. விழவில்லை, அடிபடவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விடலாமா என்று யோசித்தேன். விட்டால் நீ எப்படியோ கண்டுபிடிப்பாய். அவன் பூட்ஸைக் கழற்றியிருந்தான். பாறையின் வாயில், வெளியே, இரண்டையும் ஜோடியாக வைத்திருந்தான். முனை வெளிப்பக்கம் பார்த்து, குதிகால் ஒட்டினாற்போல். எலி வாரைத் தின்றிருக்கிறது. மற்றபடி வைத்தது வைத்தபடி. குளிர் முற்றினால் உடம்பு சுடுகிற மாதிரி தோன்றும், துணியைக் கழற்றி எறிவார்கள் என்று வெஸ்லி சொல்கிறான். இருக்கும். ஆனால் இவன் எறியவில்லையே. அடுக்கி வைத்திருக்கிறான்.

அன்று கீழே இறக்கி வந்து முகாம் போட்டோம். மறுநாள் விடியும்போது கழுதைகள் எந்தப் பக்கம் பார்த்தன என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாது. அவற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காப்பி குடித்தேன். வெஸ்லி ஏதோ சொல்ல வாயெடுத்தான். "சொல்லாதே" என்றேன்.

கல்லுக்குக் கீழே வைக்கவா? இல்லை அங்கே யாக்கிமாவுக்கு அனுப்பவா? பூட்ஸும் அவனோடு வந்திருக்கிறது. நீ சொல்கிறபடி செய்கிறேன். இந்த முறை நீ சொல்லாமல் எதையும் செய்ய மாட்டேன்.

ஆர்வில்


யாக்கிமா
அக்டோபர் 19, 1989

ஆர்வில் அவர்களுக்கு,

கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. இன்றுதான் பேனா பிடிக்க முடிந்தது.

வெஸ்லி சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் எங்கள் சாமன் வீட்டில் நான் மரத்தரை போட்ட வருஷம், "பூட்ஸோட உள்ள வந்தீங்க, காலை ஒடிப்பேன்" என்று அவரிடம் சொன்னேன். அன்றிலிருந்து வாசல் படியில் கழற்றி, முனையை வெளியே பார்த்து வைப்பார். காலையில் குனியாமல் மாட்டிக்கொள்ளலாம் என்பார். மலையில் எங்கேயும் அவர் அப்படி வைத்ததில்லை, உங்களுக்குத் தெரியுமே, பூட்ஸோடுதான் தூங்குவார். அவர் வழி தவறி ஒரு பாறைக்குள் புகுந்து உட்காரவில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். எதுவோ அவரைக் கூப்பிட்டது, நான் கூப்பிடுகிற மாதிரியே அது கூப்பிட்டிருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு ஆறுதலா பயமா என்று சொல்லத் தெரியவில்லை.

கல்லுக்குக் கீழேயே வையுங்கள். உங்கள் அம்மா பக்கத்தில். அந்தக் கல்லைப் பற்றி நான் இனி எதுவும் சொல்ல மாட்டேன். நான் வர முடியாது, கிடங்கில் அறுவடைக் காலம். அது சாக்கு என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த ஊரில் ஒரு விடியற்காலை படுத்து எழ என்னால் ஆகாது.

பூட்ஸை அவரோடு வைக்காதீர்கள். எரித்துவிடுங்கள். அவர் இனி வெளியே கிளம்ப வேண்டியதில்லை.

கான்ராட்டிடம் சரி என்று சொல்லிவிட்டேன். டிசம்பர் இரண்டாம் தேதி, இங்கே கவுண்டி அலுவலகத்தில். நீங்கள் வர வேண்டும். எனக்கு ஆண் துணை என்று வந்து நிற்க வேறு யாரும் இல்லை. சத்தமாகப் பேசச் சொல்லி எல்லோரிடமும் சொல்லிவைக்கிறேன்.

நேற்று கான்ராட் வேலை முடிந்து நேராக இங்கே வந்தார். மழை. படியில் நின்று பூட்ஸைக் கழற்றக் குனிந்தார். நான் கதவைத் திறந்து, "கழட்டாதீங்க. அப்படியே வாங்க" என்றேன்.

"தரையெல்லாம் சேறாகும், லியோனா."

"ஆகட்டும்."

அவர் கூடம் முழுக்கச் சேற்றோடு நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் துடைக்கவில்லை. இன்று காலையிலும் அப்படியே கிடக்கிறது, காய்ந்துவிட்டது.

லியோனா